நான்கு ட்ராக் கேசட்டில் பிறந்த ‘நெப்ராஸ்கா’: கேட்டதும் கற்றதும்

ராக் என்றால் டிரம்ஸ் இடிக்க வேண்டும், எலெக்ட்ரிக் கிட்டார் அலற வேண்டும், மேடை நிறைய ஆள் இருக்க வேண்டும் என்று பழகிய காதுக்கு, அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ‘நெப்ராஸ்கா’ ஆல்பம் முதலில் ஒன்றுமே இல்லாதது போலத்தான் கேட்கும். இன்றைக்கு ஒரே ஒரு ராக் ஆல்பத்தை மட்டும் வைத்துக்கொள், மற்றதையெல்லாம் கொடுத்துவிடு என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் வைத்துக்கொள்வேன். பத்துப் பாட்டு, நாற்பது நிமிடம் சொச்சம். ஒரு மனிதர், ஒரு கிட்டார், ஒரு மவுத் ஆர்கன், அங்கங்கே கொஞ்சம் மாண்டலின். டிரம்ஸ் கிடையாது, பேஸ் கிடையாது. இதைக் கேட்டுக் கேட்டுத்தான் நான் பாட்டு கேட்கும் விதமே மாறியது. வீட்டில் உட்கார்ந்து கிட்டார் வாசித்துப் பாடி, அதைப் பதிவு செய்து பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. அந்தப் பழக்கத்தையும் இந்த ஆல்பம் திருத்தியது. இரண்டைப் பற்றியும் சொல்கிறேன்.

முதலில் இது எப்படி உருவானது என்பதைச் சொல்லிவிட வேண்டும். 1980இல் ‘தி ரிவர்’ என்ற இரட்டை ஆல்பம் வந்து பெரும் வெற்றி பெற்றது. அதை ஒட்டிய நீண்ட சுற்றுப்பயணம் 1981 செப்டம்பரில் முடிந்தது. அப்புறம் ஸ்பிரிங்ஸ்டீன் நியூ ஜெர்சி மாநிலத்தில் கோல்ட்ஸ் நெக் என்ற இடத்தில் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் தனியாக உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். அதுவரை ஸ்டுடியோவுக்குப் போய், இசைக்குழுவை வைத்துக்கொண்டே பாட்டைத் தேடுவது அவர் வழக்கம். அதில் மாதக்கணக்கில் நேரமும் பணமும் போகும். பாட்டு தேறுமா தேறாதா என்று வீட்டிலேயே பார்த்துவிட்டால் என்ன என்று, தன் கிட்டார்களைப் பராமரித்த மைக் பாட்லனிடம் எளிமையான பதிவுக் கருவி ஒன்று கொண்டுவரச் சொன்னார். வந்தது டியாக் நிறுவனத்தின் போர்ட்டாஸ்டுடியோ 144. 1979இல் விற்பனைக்கு வந்த கருவி அது. சாதாரண ஆடியோ கேசட்டையே போட்டு, அதை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, நான்கு ட்ராக்குகளில், அதாவது நான்கு ஒலித்தடங்களில், தனித்தனியாகப் பதியலாம். கூடவே ஷூர் எஸ்எம்57 மைக் இரண்டு. படுக்கையறையில் ஒரு நாற்காலி. 1981 கடைசியிலும் 1982 ஜனவரி தொடக்கத்திலும் பாட்டுகள் பதிவாயின.

குரலையும் கிட்டாரையும் ஒரே நேரத்தில் இரண்டு ட்ராக்கில் பதிவார். மிச்சமிருந்த இரண்டு ட்ராக்கில் தேவைப்பட்டால் மவுத் ஆர்கன், மாண்டலின், தம்பூரின் என்ற கைத்தாளக் கருவி, இல்லையென்றால் தன் குரலையே இன்னொரு முறை. கடைசியில் எல்லாவற்றையும் எக்கோபிளெக்ஸ் என்ற டேப் எக்கோ கருவி வழியாகக் கொடுத்து ஒரு பழைய பானசோனிக் டேப் ரெக்கார்டரில் இறக்கினார்கள். அந்த ரெக்கார்டர் அதற்கு முன் ஆற்றில் விழுந்து, சேற்றில் ஊறி, செத்துப்போய், பிறகு தானாகவே உயிர் பெற்றது என்று அவரே சொல்லியிருக்கிறார். கேசட்டோடு, ஒவ்வொரு பாட்டைப் பற்றியும் குறிப்பு எழுதி மேலாளர் ஜான் லாண்டாவுக்கு அனுப்பினார். அந்தக் கேசட்டை உறைகூட இல்லாமல் ஜீன்ஸ் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு சில வாரம் திரிந்திருக்கிறார்.

அதன் பிறகு நியூயார்க்கின் பவர் ஸ்டேஷன் ஸ்டுடியோவில் அவருடைய இசைக்குழுவான ஈ ஸ்ட்ரீட் பேண்டோடு அதே பாட்டுகளை வாசித்துப் பார்த்தார்கள். நல்ல வாசிப்பாளர்கள், நல்ல கூடம், எல்லாம் இருந்தும் கேசட்டில் இருந்தது அங்கே வரவில்லை. கடைசியில் அந்தக் கேசட்டையே ஆல்பமாக வெளியிடுவது என்று முடிவானது. அதுவும் சுலபமாக இல்லை. கேசட்டில் இருந்ததை எல்பி தட்டுக்கு மாற்றுவதில் ஒலிப்பொறியாளர் டோபி ஸ்காட்டுக்கும் மற்றவர்களுக்கும் உயிர் போனது. பதிவைத் தட்டுக்குத் தயார்செய்யும் மாஸ்டரிங் கூடங்கள் ஒன்றுக்கு மேற்பட்டவற்றில் அலைந்து, ஒலியளவைக் குறைத்துத் தட்டில் வெட்டிய பிறகுதான் சரியாக வந்தது. 1982 செப்டம்பர் 30 அன்று ஆல்பம் வெளியானது. அதற்காகச் சுற்றுப்பயணம் எதுவும் போகவில்லை. ஆனாலும் அமெரிக்கத் தரவரிசையில் 3ஆம் இடம் வரை வந்தது.

இந்தக் கதையைச் சொன்னவுடன் எல்லோரும் ஒன்றைச் சொல்வார்கள்: பார்த்தாயா, மலிவான கருவியே போதும். அதில் பாதிதான் உண்மை. கருவி மலிவு, பாட்டு மலிவு இல்லை. இது அவருடைய ஆறாவது ஆல்பம். அந்த மாதங்களில் அவர் நிறையப் படித்திருக்கிறார், படம் பார்த்திருக்கிறார், பழைய கிராமியப் பாட்டுகளையும் ப்ளூஸையும் கேட்டிருக்கிறார். ‘நெப்ராஸ்கா’ என்ற முதல் பாட்டுக்காக, அது சொல்லும் உண்மையான கொலை வழக்கைப் பற்றிய புத்தகத்தை எழுதிய பத்திரிகையாளர்களில் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசியிருக்கிறார். அவ்வளவு வேலையும் முடிந்த பிறகுதான் அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

அப்படியானால் இந்த வெறுமை ஏன் இவ்வளவு பொருந்துகிறது? எனக்குப் பிடிபட்ட பதில் இதுதான். இந்தப் பாட்டுகளில் பெரும்பாலானவற்றில் பாடுகிறவனுக்கு எதிரே ஒரு ஆள் இருக்கிறார். முதல் பாட்டில் மரண தண்டனைக் கைதி அதிகாரியிடம் பேசுகிறான். ‘ஜானி 99’இல் வேலை போனவன் நீதிபதியிடம் பேசுகிறான். ‘ஸ்டேட் டிரூப்பர்’இல் இரவில் கார் ஓட்டுகிறவன், தன்னை நிறுத்திவிடக்கூடாதே என்று நெடுஞ்சாலைப் போலீஸ்காரரிடம் மனதுக்குள் கெஞ்சுகிறான். ‘ஓப்பன் ஆல் நைட்’டில் ரேடியோ அறிவிப்பாளரைக் கூப்பிடுகிறான். ‘யூஸ்ட் கார்ஸ்’இல், யாரென்று தெரியாத ஒரு ஐயாவிடம் சின்ன வயது அவமானத்தைச் சொல்கிறான். எல்லாம் வாக்குமூலங்கள். வாக்குமூலம் நடக்கும் அறையில் ஐந்து பேர் கொண்ட இசைக்குழுவுக்கு இடமில்லை. அங்கே டிரம்ஸ் வந்தால், எதிரே உட்கார்ந்திருக்கும் ஒற்றை ஆள் கூட்டமாகிவிடுவார்.

இதைப் புரிந்துகொள்ள ‘ஹைவே பேட்ரோல்மேன்’ என்ற ஒரு பாட்டு போதும். ஜோ ராபர்ட்ஸ் ஒரு போலீஸ் சார்ஜென்ட். பெயர், வேலை, எந்தப் பிரிவு என்று அலுவலகத்தில் சொல்வது போலத்தான் பாட்டைத் தொடங்குகிறான். அவனுக்கு ஃபிராங்க்கி என்று ஒரு தம்பி, சின்ன வயதிலிருந்தே வம்பு. ஃபிராங்க்கி 1965இல் ராணுவத்துக்குப் போகிறான். விவசாயம் செய்வதால் ஜோவுக்கு விலக்கு கிடைக்கிறது, மரியாவைக் கல்யாணம் செய்துகொள்கிறான். கோதுமை விலை விழுகிறது, நிலம் கையைக் கடிக்கிறது, ஜோ போலீஸ் வேலைக்கு வருகிறான். தம்பி செய்யும் தப்பை எல்லாம் அண்ணன் கண்டும் காணாமல் விட்டுக்கொண்டே வருகிறான். ஒரு ராத்திரி சாலையோர மதுக்கடையிலிருந்து அழைப்பு வருகிறது. போய்ப் பார்த்தால் ஒரு பையன் தலையில் ரத்தத்தோடு தரையில் கிடக்கிறான், ஒரு பெண் மேஜையில் அழுதுகொண்டிருக்கிறாள். செய்தது ஃபிராங்க்கி. ஜோ காரை எடுத்துத் துரத்துகிறான். கனடா எல்லை ஐந்து மைல் என்று பலகை வரும்வரை துரத்தி, அங்கே காரை ஓரங்கட்டிவிட்டு, தம்பியின் காருடைய பின்விளக்கு மறைவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

இதில் நான் மீண்டும் மீண்டும் கவனிப்பது, அந்த இடத்தில் அவர் குரல் உயரவே இல்லை என்பது. கிட்டார் அதே நடையில் போகிறது. துரத்தலுக்கென்று ஒரு வேகம், பிரிவுக்கென்று ஒரு உருக்கம், எதுவும் கிடையாது. ஏன் நிறுத்தினாய் என்று ஜோ விளக்குவதும் இல்லை. அதற்குப் பதில், இரண்டு சகோதரர்களும் சேர்ந்து சிரித்துக் குடித்து, மரியாவோடு மாறி மாறி நடனம் ஆடிய நாளைச் சொல்லும் பல்லவி மறுபடி வருகிறது. முதலில் அது நினைவாகக் கேட்டது. இப்போது அதே வரிகள் அவன் தரப்பு நியாயமாகக் கேட்கின்றன. ஒரு சொல் மாறவில்லை, ஒரு கருவி சேரவில்லை. கேட்கிறவருக்குத்தான் நடுவில் நடந்தது தெரிந்துவிட்டது. வயலின் ஒன்று அங்கே நுழைந்திருந்தால் நாம் என்ன நினைக்க வேண்டும் என்று அதுவே சொல்லியிருக்கும். ஜானி கேஷ் 1983இல் இதையும் ‘ஜானி 99’ பாட்டையும் எடுத்துப் பாடினார். ஷான் பென் இந்தக் கதையை வைத்து 1991இல் ஒரு படமே எடுத்தார். ஆறு நிமிடம்கூட இல்லாத பாட்டுக்குள் அவ்வளவு இருக்கிறது.

சரி, இதை எப்படிக் கேட்பது? என் அனுபவத்தில் சில வழிகள் பலன் தந்திருக்கின்றன.

மற்ற பாட்டுகளோடு கலந்து ஷஃபிளில் போடாதீர்கள். நவீனப் பதிவு ஒன்று ஓடி முடிந்தவுடன் இந்த ஆல்பத்தின் பாட்டு வந்தால் சோகையாக, மங்கலாகத்தான் கேட்கும். காதுக்கு ஐந்து நிமிடம் அமைதி கொடுத்துவிட்டு முதல் பாட்டிலிருந்து வரிசையாகக் கேளுங்கள். எல்பி தட்டில் முதல் பக்கம் ஆறு பாட்டு, இரண்டாவது பக்கம் நான்கு. முதல் பக்கத்தை மட்டும் ஒரு நாள், இரண்டாவதை இன்னொரு நாள் என்று பிரித்துக் கேட்பதில் தப்பே இல்லை. முதல் பக்கம் ‘ஸ்டேட் டிரூப்பர்’இல் முடிகிறது, அதற்கு மேல் அன்றைக்கு எதையும் கேட்கத் தோன்றாது.

ஒலியைக் கூட்ட வேண்டாம். அடுத்த அறையில் ஒருவர் பேசுவது சுவர் வழியாகக் கேட்குமே, அந்த அளவு போதும். பேஸைத் தூக்கும் அமைப்பு ஏதாவது இருந்தால் அணைத்துவிடுங்கள். இதில் தூக்குவதற்கு பேஸ் இல்லை, டேப்பின் முணுமுணுப்பும் கிட்டார் உடலின் உறுமலும்தான் பெருத்துக் கேட்கும். ஒருமுறை ஸ்பீக்கரிலும் ஒருமுறை ஹெட்போனிலும் கேட்டுப் பாருங்கள். ஸ்பீக்கரில் கதை கேட்கும். ஹெட்போனில் அறை கேட்கும்: மூச்சு இழுப்பது, குரலைச் சுற்றி நிற்கும் அந்த எக்கோ, பின்னால் தொடர்ந்து ஓடும் டேப்பின் ‘ஸ்ஸ்’. அந்த இரைச்சலைக் குறையாக நினைக்காமல் இரண்டு பாட்டு கடந்துவிட்டால், அப்புறம் அது இல்லாமல் இந்தப் பாட்டுகளை நினைத்துப் பார்க்க முடியாது.

பாடல் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பதைவிட, முன்னாலேயே ஒருமுறை படித்துவிட்டு மூடி வைத்துவிட்டுக் கேட்பது நல்லது. நம்மில் பலருக்கு அமெரிக்க உச்சரிப்பு முதலில் பிடிபடாது, அதிலும் இவர் பல்லைக் கடித்துக்கொண்டு பாடுகிறவர். அதனால் படிப்பது அவசியம். ஆனால் கண் எழுத்தில் இருக்கும்போது காது பாதி வேலைதான் செய்கிறது.

கொஞ்சம் பின்னணி தெரிந்தால் பாட்டுகள் இன்னும் ஆழமாகும். முதல் பாட்டு சார்லஸ் ஸ்டார்க்வெதர் என்ற இளைஞனைப் பற்றியது. 1958 ஜனவரியில் பதினான்கு வயதுப் பெண் ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு அமெரிக்காவின் நெப்ராஸ்கா, வயோமிங் மாநிலங்களில் வரிசையாகக் கொலை செய்தவன். அடுத்த ஆண்டு மின்சார நாற்காலியில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. டெரன்ஸ் மாலிக்கின் ‘பேட்லேண்ட்ஸ்’ என்ற 1973ஆம் ஆண்டுப் படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்ததிலிருந்துதான் ஸ்பிரிங்ஸ்டீனுக்கு இந்தப் பாட்டு வந்தது. ‘அட்லாண்டிக் சிட்டி’யின் முதல் வரியில் வீட்டோடு சேர்த்து வெடித்துக் கொல்லப்படுகிறவர் பிலடெல்ஃபியா மாஃபியா தலைவர் ஃபிலிப் டெஸ்டா, அது நடந்தது 1981 மார்ச்சில். நியூ ஜெர்சியின் அட்லாண்டிக் சிட்டி நகரத்தில் 1978இல்தான் முதல் சூதாட்ட விடுதி திறந்தது, அந்தப் பணத்துக்காகக் கும்பல்கள் மோதிக்கொண்டிருந்த காலம் அது. ‘ஜானி 99’இல் மூடப்படும் கார் தொழிற்சாலையும் உண்மை: நியூ ஜெர்சியின் மாவாவில் இருந்த ஃபோர்டு ஆலை 1980இல் மூடப்பட்டது. ஆல்பம் வெளிவந்த 1982 கடைசியில் அமெரிக்காவில் வேலையின்மை 10.8 சதவீதத்தைத் தொட்டது. இதெல்லாம் தெரிந்த பிறகு ஒன்றைக் கவனித்தேன். நேர்மையான மனிதனால் அடைக்க முடியாத கடன் என்ற ஒரே வரி ‘அட்லாண்டிக் சிட்டி’யிலும் வருகிறது, ‘ஜானி 99’இலும் வருகிறது. ஒருவன் கும்பலில் சேரப் போகிறான், மற்றவன் குடித்துவிட்டு ஒருவரைச் சுட்டுவிடுகிறான். இருவரும் ஒரே கணக்கைத்தான் சொல்கிறார்கள்.

‘ஸ்டேட் டிரூப்பர்’ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நியூ ஜெர்சி டர்ன்பைக் என்ற நெடுஞ்சாலையில் ஈரமான இரவு, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் வெளிச்சம், கையில் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுகிற ஒருவன். கிட்டார் கிட்டத்தட்ட ஒரே கார்டில் (சுரக்கூட்டில்), கையால் அமுக்கிப் பிடித்த கம்பிகளில் டக்கு டக்கு என்று ஓடிக்கொண்டே இருக்கிறது. நியூயார்க்கைச் சேர்ந்த ‘சூசைட்’ என்ற இருவர் குழுவின் இசை இதற்குத் தூண்டுதல் என்று ஸ்பிரிங்ஸ்டீன் சொல்லியிருக்கிறார். அவர்கள் இசைத்தது சின்தசைசரில். இவர் அதே பதற்றத்தை ஒரு மரக் கிட்டாரில் கொண்டுவருகிறார். கடைசியில் இரண்டு அலறல் வருகிறது. பாட்டு முழுக்க அடக்கிப் பேசியதால்தான் அந்த அலறலுக்கு அவ்வளவு பலம். அக்கூஸ்டிக் என்றாலே இதமான இசை என்று நினைக்கிறவர்கள் இதை ஒருமுறை இருட்டில் கேட்க வேண்டும்.

குறை என்று பார்த்தால், ‘மேன்ஷன் ஆன் தி ஹில்’லும் ‘மை ஃபாதர்ஸ் ஹவுஸ்’உம் நடையில் ஒன்றுக்கொன்று கொஞ்சம் நெருங்கிவிடுகின்றன. இரண்டாவது பக்கத்தில் ‘ஓப்பன் ஆல் நைட்’ மட்டும் எலெக்ட்ரிக் கிட்டாரோடு, பழைய ராக் அண்ட் ரோல் துள்ளலோடு வந்து காப்பாற்றுகிறது. கடைசிப் பாட்டான ‘ரீசன் டு பிலீவ்’ஐப் பலர் நம்பிக்கைப் பாட்டு என்று எடுத்துக்கொள்கிறார்கள். நான் அப்படி எடுப்பதில்லை. நெடுஞ்சாலையோரம் செத்துக் கிடக்கும் நாயைக் குச்சியால் தட்டி, அது எழுந்துவிடும் என்பது போல நிற்கும் ஒருவனோடு தொடங்குகிற பாட்டு அது. விட்டுப்போனவனுக்காகத் தெருமுனையில் காத்திருக்கும் பெண், வராத மணமகளுக்காக ஆற்றங்கரையில் நிற்கும் மணமகன் என்று போகிறது. இவ்வளவுக்குப் பிறகும் மனிதர்கள் எதையோ நம்புகிறார்களே என்ற வியப்புத்தான் அவருடையது. அந்த நம்பிக்கையில் அவருக்குப் பங்கு இருப்பதாக எனக்குக் கேட்கவில்லை.

இப்போது பதிவு செய்யும் விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் கிட்டாரோடு பாடிப் பதிவு செய்கிறவர்களுக்கு இந்த ஆல்பத்திலிருந்து நேராக எடுத்துக்கொள்ளக் கூடியது நிறைய.

முதலாவதும் முக்கியமானதும்: குரலையும் கிட்டாரையும் சேர்த்துப் பதியுங்கள். இன்றைய மென்பொருளில் முதலில் கிட்டார், பிறகு குரல் என்று தனித்தனியாகப் பதிவதுதான் வழக்கம், வசதியும்கூட. ஆனால் தனியாகப் பதிந்த கிட்டாருக்கு முன்னால் பாடும்போது நாம் அதற்குப் பின்னால் ஓட வேண்டியிருக்கிறது. சேர்த்துப் பாடும்போது ஒரு வரிக்கு முன் அரை நொடி தயங்கினால் கிட்டாரும் கூடவே தயங்கும். கதை சொல்லும் பாட்டுக்கு அந்தத் தயக்கம்தான் உயிர். சேர்த்துப் பதிந்தால் ஒரு மைக்கில் மற்றது கசியும். நடுவில் ஒரு வரியை மட்டும் திருத்திப் பாட முடியாது. அதனால் முழுப் பாட்டையும் மறுபடி பாட வேண்டும். இது தொல்லை போலத் தெரியும், ஆனால் பாட்டை மனப்பாடம் செய்ய வைப்பதும் இதுதான்.

கசிவைக் கட்டுப்படுத்த மைக்கின் முதுகைப் பயன்படுத்துங்கள். எஸ்எம்57 போன்ற மைக்குகள் முன்னால் வருவதை நன்றாகவும் பின்னால் வருவதைக் குறைவாகவும் எடுக்கும். குரல் மைக்கைக் கொஞ்சம் மேலே தூக்கி, அதன் முதுகு கிட்டார் பக்கம் இருக்கும்படி வையுங்கள். கிட்டார் மைக்கை நடு ஓட்டைக்கு நேராக வைத்தால் குடத்துக்குள் பேசுவது மாதிரி முழங்கும். கழுத்தும் உடலும் சேரும் இடத்தைப் பார்த்து வைத்தால் கம்பி தெளிவாகக் கேட்கும். கம்பளம், திரைச்சீலை, மெத்தை இருக்கும் அறை நல்லது. ஸ்பிரிங்ஸ்டீன் படுக்கையறையில் உட்கார்ந்ததற்குக் காரணம் வசதியாக இருந்திருக்கலாம், ஆனால் ஒலிக்கும் அது உதவியது.

எக்கோவைத் தாராளமாகப் போடாதீர்கள். இந்த ஆல்பத்தில் கேட்பது 1950களின் மெம்ஃபிஸ் ராக் அண்ட் ரோல் பதிவுகளில் கேட்கும் வகை, ஒரு சொல்லுக்குப் பின்னாலேயே சட்டென்று ஒட்டி வரும் குட்டி எக்கோ. மென்பொருளில் டிலேயை, அதாவது எக்கோ திரும்பி வரும் இடைவெளியை, 100 முதல் 130 மில்லிநொடிக்குள் வைத்து, ஒரே ஒரு முறை மட்டும் திரும்பும்படி செய்து, கேட்கிறதா இல்லையா என்ற அளவில் விட்டால் கிட்டத்தட்ட அந்த நிறம் வரும். எக்கோ இல்லாமல் பதிந்து, மிக்ஸ் செய்யும்போது சேருங்கள். பிடிக்கவில்லையென்றால் எடுத்துவிடலாம். இரைச்சலை நீக்கும் கருவியை முழு வேகத்தில் ஓடவிடாதீர்கள். இரைச்சலோடு சேர்த்து மெய்யெழுத்துகளின் கூர்மையையும், கிட்டார் ஒலி அடங்கும் வாலையும் அது தின்றுவிடும்.

பாடுவதற்கு முன், யாரிடம் பாடுகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். எனக்கு அதிகம் பயன்பட்டது இதுதான். பாட்டைப் பாடாமல், எதிரில் அந்த ஆள் இருப்பதாக வைத்துக்கொண்டு முதலில் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். மூத்தவரிடம் சொல்வதா, சண்டை போட்ட நண்பனிடம் சொல்வதா என்பதைப் பொறுத்து எந்தச் சொல்லில் மூச்சு விட வேண்டும் என்பதே மாறிவிடும். அதன் பிறகு கிட்டாரை எடுத்தால் சத்தம் போட்டுப் பாடத் தோன்றாது. பேசும் அளவில், மைக்குக்கு நெருக்கமாக, சொல் முழுசாக விழும்படி பாட வரும்.

கூடுதல் கருவி சேர்க்கும் ஆசை வரும். சில நாள் கழித்துச் சேருங்கள். ‘அட்லாண்டிக் சிட்டி’யில் மாண்டலின் ஏன் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். அது அலங்காரமாக வரவில்லை. ஊரை விட்டுக் கிளம்பும் அவசரத்தை அது தாங்குகிறது. பின்னால் சேரும் இரண்டாவது குரல், பாடுகிறவன் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வது போல இருக்கிறது. இப்படி ஒரு வேலை சொல்ல முடியாத கருவியை நான் இப்போது என் பதிவிலிருந்து எடுத்துவிடுகிறேன். எடுத்துவிட்டுக் கேட்கும்போது எதுவும் குறைந்தது போலத் தெரியாவிட்டால் அது வெளியிலேயே இருக்கட்டும்.

எல்லாப் பாட்டையும் இப்படி உரித்துவிட வேண்டும் என்று சொல்ல வரவில்லை. அதே படுக்கையறைப் பதிவுகளில் இன்னொரு பாட்டும் இருந்தது: ‘பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.’ அதன் அக்கூஸ்டிக் வடிவம் 1998இல் ‘ட்ராக்ஸ்’ தொகுப்பில் வெளிவந்தது. நல்ல வடிவம்தான், ஆனாலும் 1984இல் வெளிவந்த, டிரம்ஸ் இடிக்கும் வடிவம் அதைவிடப் பெரிய பாட்டு. வியட்நாமிலிருந்து திரும்பியவன் ஒரு அதிகாரியிடம் மட்டும் பேசவில்லை, நாட்டையே பார்த்துக் கத்துகிறான். அதற்குக் கூட்டம் தேவை, இசைக்குழு தேவை. 2025இல் வந்த ‘நெப்ராஸ்கா’வின் விரிவான பதிப்பில், அன்று கைவிட்ட இசைக்குழுப் பதிவுகளையும் வெளியிட்டுவிட்டார்கள். இப்போது யார் வேண்டுமானாலும் ஒரே பாட்டை இரண்டு விதமாகக் கேட்டு ஒப்பிடலாம். பாட்டு எழுதுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. முதலில் தனிக் குரல், அடுத்து இசைக்குழு, மறுபடி தனிக் குரல் என்று கேளுங்கள். இசைக்குழு எந்த வரியில் உதவுகிறது, எந்த வரியை மூடிவிடுகிறது என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். என் காதுக்கு ‘ஜானி 99’ இரண்டிலும் நிற்கிறது. ‘நெப்ராஸ்கா’ தனிக் குரலில் மட்டும்தான் நிற்கிறது.

உறையைப் பற்றி ஒரு வார்த்தை. டேவிட் மைக்கேல் கென்னடி 1975இல் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் அது. ஓடும் வண்டியின் முன்கண்ணாடி வழியே தட்டையான சாலை, கனத்த வானம், மேலும் கீழும் சிவப்பு எழுத்து. பாடகரின் முகம் முன்னட்டையில் இல்லை. அந்த முடிவுகூட உள்ளே இருக்கும் பாட்டுகளோடு ஒத்துப்போகிறது.

நண்பர்களுக்கு அறிமுகம் செய்ய நினைப்பவர்களுக்கு: முழு ஆல்பத்தையும் கையில் திணிக்காதீர்கள். கதை பிடிக்கும் ஆள் என்றால் ‘ஹைவே பேட்ரோல்மேன்’. தாளம் இல்லாமல் கேட்க மாட்டேன் என்கிறவருக்கு ‘ஜானி 99’. குடும்பம், பணம், அப்பாவின் பழைய கார் என்று எதையாவது மனதில் வைத்திருப்பவருக்கு ‘யூஸ்ட் கார்ஸ்’. விற்பனையாளர் அப்பாவின் கையை உற்றுப் பார்ப்பதும், அம்மா கல்யாண மோதிரத்தை விரலால் நெருடிக்கொண்டிருப்பதும் வரும் இடத்தில் அவரே உங்களிடம் பேச ஆரம்பிப்பார். ‘அட்லாண்டிக் சிட்டி’ எல்லோருக்கும் பிடிக்கும், அதனால் அதைக் கடைசியில் கொடுத்தாலும் பரவாயில்லை. ‘ஸ்டேட் டிரூப்பர்’ஐ மட்டும் யாருக்கும் முதல் பாட்டாகக் கொடுக்காதீர்கள். முதல் பக்கத்தின் மற்ற ஐந்து பாட்டையும் கடந்து வந்தவருக்குத்தான் அந்த அலறல் எங்கிருந்து வருகிறது என்று தெரியும்.